தாலியைக் கழற்றிவிட்டுப் போக வேண்டுமா?

மலேசியாவின் பேராக் மாநிலம், சுங்கை சிப்புட்டுக்கு அருகே, முன்பு ரப்பர் தோட்டமாக இருந்து இப்போது ‘தாமான்’ எனப்படும் வீடமைப்புப் பகுதியாகிவிட்ட ஒரு குடியிருப்பிலிருந்து 61 வயது அம்மையார் ஒருவர் எழுதியிருக்கிறார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். அவருடைய தாத்தா நாமக்கல் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து இங்கே வந்தவர். அந்தக் கிராமத்தில் இருக்கும் குலதெய்வக் கோயிலின் கும்பாபிஷேகத்துக்கும், அதே வாரத்தில் நடக்கவிருக்கும் உறவுப் பெண்ணின் திருமணத்துக்கும், வாழ்க்கையில் முதல்முறையாகத் தமிழ்நாடு செல்கிறார். மூட்டுவலியால் கணவர் வீட்டிலேயே தங்கிவிட, 24 வயது இளைய மகன், மூத்த மருமகள், ஏழு வயதும் ஒன்றரை வயதுமான இரண்டு பேரப்பிள்ளைகள் ஆகியோர் உடன் செல்கிறார்கள். கோலாலம்பூரிலிருந்து நேராகத் திருச்சிக்கு விமானம். மூன்று வாரப் பயணம்.

அவர் கொண்டுபோக நினைப்பவை இவை: உடம்பில் அணிந்துகொள்ள 18 பவுன் சொந்த நகை, மணப்பெண்ணுக்குப் பரிசாக 5 பவுனில் புதுச் சங்கிலி, புதுத் திறன்பேசி ஒன்று, விமான நிலையத்து வரியில்லாக் கடையில் வாங்கப்போகும் மதுப்புட்டிகள் நான்கு, பழைய தோட்டத்துக் குடும்பங்கள் கோயில் திருப்பணிக்கென்று சேர்த்துக் கொடுத்த 30,000 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) ரொக்கம், பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் திருச்சியில் கொடுத்துவிடச் சொன்ன பொட்டலம். திரும்பும்போது, தீபாவளிக்கு விற்க நாற்பது சேலைகளும், கொஞ்சம் லேகியமும், இங்கே குலதெய்வத்துக்கு ஒரு சிறு சன்னிதி எழுப்பப் பிடிமண்ணும் கொண்டுவர வேண்டும் என்பது அவருடைய ஆசை. பயணச்சீட்டு எடுத்துக் கொடுத்தவர், “எல்லாத்தையும் கழுத்துல போட்டுக்கிட்டுப் பச்சை வழியில நேரா நடந்துடுங்க, கேக்க மாட்டாங்க, கேட்டா கையில ஏதாச்சும் குடுங்க” என்றாராம். மகனோ புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) வந்த ஒரு பட்டியலைக் காட்டி, ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் நகை இருந்தால் பிடுங்கிக்கொள்வார்கள் என்று பயமுறுத்துகிறாராம். “ஐயா, நான் தாலியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போக வேண்டுமா? கோயிலுக்குத் தாலியில்லாமல் எப்படிப் போவேன்?” என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தாலியைக் கழற்ற வேண்டியதில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் உங்களுக்குச் சொல்லப்பட்ட இரண்டு யோசனைகளும் தவறானவை. அவற்றுள் ஒன்று உங்களை வீண் பயத்திலும், மற்றொன்று உண்மையான சிக்கலிலும் தள்ளக்கூடியது என்பதால், ஒவ்வொன்றாக விளக்க வேண்டியிருக்கிறது.

எல்லாவற்றுக்கும் அடிப்படையான ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். சுங்க அதிகாரியிடம் ஒரு பொருளை அறிவிப்பது, குற்றத்தை ஒப்புக்கொள்வதாகாது. அறிவிக்கப் பொருள் உள்ளவர்கள் போக வேண்டிய சிவப்பு வழியை, பிடிபட்டவர்கள் போகும் வழி என்று நம் மக்கள் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வழக்கறிஞரான என்னிடம் உதவி கேட்டு வந்த குடும்பங்களில், பொருள் அதிகமாக இருந்ததற்காகத் துன்பப்பட்டவர்களைவிட, அதிகமாக இருந்ததைச் சொல்லாமல் பச்சை வழியில் நடந்ததற்காகத் துன்பப்பட்டவர்களே மிகுதி. சலுகை அளவுக்கு மேல் கொண்டுபோவது வரி கட்டித் தீர்க்கக்கூடிய செயல். மறைத்துக் கொண்டுபோவதுதான் குற்றம். பச்சை வழியில் காலெடுத்து வைப்பதே, “என்னிடம் அறிவிக்க ஒன்றுமில்லை” என்று வாய்திறந்து சொல்வதற்குச் சமமாகக் கொள்ளப்படும்.

‘வரியில்லாத’ என்ற சொல்

விமான நிலையக் கடையின் பலகையில் வரியில்லாதது என்று எழுதியிருப்பதால், அங்கே வாங்கியதற்கு உலகத்தில் எங்குமே வரியில்லை என்று நீங்கள் எண்ணியிருப்பது கடிதத்தில் தெரிகிறது. அந்தச் சொல், பொருள் நாட்டைவிட்டு வெளியே போவதால் மலேசியா தன் வரியை வாங்கவில்லை என்பதை மட்டுமே குறிக்கிறது. போய் இறங்கும் நாடு எவ்வளவை வரியின்றி உள்ளே விடும் என்பது அந்த நாட்டின் சட்டம். இந்தியா ஒரு பயணிக்கு 2 லிட்டர் மதுவை வரியின்றி அனுமதிக்கிறது. மலேசியாவுக்குள் திரும்பி வரும்போது உங்களுக்குக் கிடைப்பது மொத்தமாக 1 லிட்டர்தான். கடை ஒன்று, பை ஒன்று, ஆனால் இரண்டு எல்லைகளில் இரண்டு அளவுகள்.

ஆகவே நீங்கள் நினைத்த நான்கு ஒரு லிட்டர் புட்டிகளை உங்கள் ஒருவர் பையிலேயே வைத்துக்கொள்ள முடியாது. இரண்டு உங்களுடையதாகவும், இரண்டு உங்கள் மகனுடையதாகவும் அவரவர் கையிலேயே, அவரவர் பெயரில் போட்ட பற்றுச்சீட்டோடு இருக்கட்டும். சிகரெட் கேட்டு உறவினர்கள் சொல்லியனுப்பியிருந்தால் இந்தியாவின் அளவு தலைக்கு 100 சிகரெட்டுகள். இங்கே விற்கும் பெரிய பெட்டி (கார்ட்டன்) ஒன்றில் 200 இருக்கும் என்பதால், ஒரு பெட்டி வாங்கினாலே நீங்கள் அளவைத் தாண்டிவிடுகிறீர்கள். மகன் மின்சிகரெட் புகைப்பவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். அந்தப் பொருளின் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை எல்லாவற்றையும் இந்தியா 2019ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்திருக்கிறது. அதற்குச் சலுகை அளவு என்று எதுவும் கிடையாது.

திறன்பேசி போன்ற பிற பொருள்களுக்கு ரூபாய் மதிப்பில் ஒரு பொது வரம்பு இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் பயணச்சுமை விதிகளில், இந்திய வம்சாவளிச் சுற்றுலாப் பயணிக்கு 50,000 ரூபாயும், வேற்று நாட்டு வம்சாவளியினருக்கு 15,000 ரூபாயும் என இருந்தது. 2026 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய விதிகள் அவற்றை 75,000 ரூபாயாகவும் 25,000 ரூபாயாகவும் உயர்த்தியிருக்கின்றன. நீங்கள் மலேசியக் கடப்பிதழில் போனாலும் இந்திய வம்சாவளியினர். தாத்தாவின் பழைய கப்பல் பயணத் தாள்களோ, வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டையோ இருந்தால், நகலைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு பொதுவான தவறான எண்ணத்தையும் திருத்த வேண்டும். ஐந்து பேர் போகிறோம், ஐந்து பேருக்கான வரம்பையும் கூட்டிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். விதி அதைத் தெளிவாக மறுக்கிறது. ஒருவருடைய சலுகையை இன்னொருவருடைய சலுகையோடு சேர்க்க இயலாது. 1,20,000 ரூபாய் மதிப்புள்ள ஒரே திறன்பேசியை மாமியாரும் மருமகளும் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டதாகச் சொல்ல முடியாது. ஒன்றரை வயதுப் பேரனுக்கோ அவன் பயன்படுத்திய சொந்தப் பொருள்களுக்கு மட்டுமே விலக்கு உண்டு.

கழுத்து நகையும் பரிசுச் சங்கிலியும்

இப்போது நகைக்கு வருகிறேன். உங்கள் மகன் காட்டிய பட்டியல் பழைய விதியின் நிழல். 2016ஆம் ஆண்டு விதிப்படி, ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வசித்துவிட்டு இந்தியா திரும்பும் பெண்ணுக்கு 40 கிராம் வரை, ஆனால் 1,00,000 ரூபாய் மதிப்புக்குள், ஆணுக்கு 20 கிராம் வரை, ஆனால் 50,000 ரூபாய்க்குள் என்று எடை, மதிப்பு ஆகிய இரண்டு வேலிகள் போட்டிருந்தார்கள். தங்கத்தின் விலை ஏறிக்கொண்டே போனதால் 40 கிராம் என்பது தாளில் மட்டும் இருக்கும் சலுகையாகி, ஒன்றரைப் பவுன் போட்டுப் போகிறவர்கூட அஞ்ச வேண்டிய நிலை வந்தது. 2026 விதிகள் அந்த மதிப்பு வேலியை எடுத்துவிட்டன. இப்போது எடை மட்டுமே கணக்கு: ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வசித்தவர் இந்தியக் குடியிருப்பாளரானாலும் இந்திய வம்சாவளிச் சுற்றுலாப் பயணியானாலும், பெண்ணாக இருந்தால் 40 கிராம், மற்றவர்களுக்கு 20 கிராம் வரை நகையை வரியின்றிக் கொண்டுபோகலாம். பவுனுக்கு 8 கிராம் என்ற நம் கணக்கில் 40 கிராம் என்பது சரியாக 5 பவுன். நகை என்றால் செய்த நகைதான். தங்கக் காசும் கட்டியும் இந்தச் சலுகையில் சேரா.

உங்கள் தாலிக்கொடி 4 பவுன் என்று எழுதியிருக்கிறீர்கள். அது 32 கிராம். தோடும் ஒரு மோதிரமும் மீதமுள்ள 8 கிராமுக்குள் அடங்கினால், நீங்கள் யாருக்கும் எதுவும் விளக்க வேண்டியதில்லை. புறப்படும் முன் ஊரில் உங்களுக்குப் பழக்கமான நகைக்கடையில் எல்லாவற்றையும் நிறுத்து, எடையை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கொடியில் கோத்திருக்கும் குண்டுமணியும் காசும் சேர்ந்த எடைதான் தராசில் நிற்கும் என்பதை மறக்க வேண்டாம். மீதி 13 பவுனையும் வீட்டிலேயே, முடிந்தால் வங்கிப் பெட்டகத்தில், வைத்துவிட்டுப் போவதே என் ஆலோசனை. திருமண வீட்டில் வெறுங்கழுத்தாக நிற்பதுபோல் தோன்றும் என்ற உங்கள் மனக்குறை எனக்குப் புரிகிறது. மலேசியாவிலிருந்து வந்த உறவு என்றால் எல்லாக் கண்களும் கழுத்தின் மேல்தான் இருக்கும் என்பதையும் அறிவேன். ஆனாலும் மூன்று வாரம், பல ஊர்கள், இரண்டு சிறு பிள்ளைகள் என்று போகிற பயணத்தில், சுங்கம் ஒருபுறம் இருக்க, 18 பவுனைக் காவல் காப்பதே உங்களுக்குப் பெரிய வேலையாகிவிடும்.

அப்படியும் கூடுதலாக அணிந்துதான் போவேன் என்றால், சட்டம் உங்களைக் கைவிட்டுவிடவில்லை. நெடுங்காலம் அணிந்து பழகிய சொந்த நகையையும், விற்பதற்காக உடம்பில் மாட்டிக்கொண்டு வரும் நகையையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்று இந்திய நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. சென்னை விமான நிலையத்தில் புதிதாகத் திருமணமான ஓர் இலங்கைப் பெண்ணிடமிருந்து எடுக்கப்பட்ட தாலிக்கொடியைத் திருப்பிக் கொடுக்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2025இல் உத்தரவிட்டது. இதைக் கேட்டு “அப்படியானால் கழுத்தில் போட்டதற்கு வரியே இல்லை” என்ற முடிவுக்குத் தாவிவிட வேண்டாம். அந்தப் பெண் வழக்கறிஞர் வைத்து, வழக்குப் போட்டு, ஓராண்டுக்கும் மேல் காத்திருந்த பிறகே அந்தத் தீர்ப்பைப் பெற்றார். நீங்கள் மூன்று வாரத்தில் ஊர் திரும்ப வேண்டியவர்.

ஆகையால், 5 பவுனுக்கு மேல் போவதானால் சிவப்பு வழியில் போய் எழுத்தில் அறிவியுங்கள். இந்தியச் சுங்கச் சட்டம் 1962இன் 77ஆம் பிரிவு, பயணி தன் பயணச்சுமையைப் பற்றி அறிவிப்புக் கொடுப்பதைப் பற்றியது. 80ஆம் பிரிவு அதற்கு அடுத்த படி. உண்மையாக அறிவித்த பயணி கேட்டுக்கொண்டால், வரிக்குரிய பொருளை அதிகாரி தற்காலிகமாகத் தம் பொறுப்பில் வைத்திருந்து, பயணி நாட்டைவிட்டுப் புறப்படும்போது திருப்பித் தரலாம். வரி கட்டவும் வேண்டாம், நகையை இழக்கவும் வேண்டாம். ஆனால் அந்தக் கதவு உண்மையாக அறிவித்தவருக்கே திறக்கும். பச்சை வழியில் பிடிபட்ட பிறகு 80ஆம் பிரிவைக் கேட்பது, மழை நின்ற பிறகு குடை தேடுவதுபோல் ஆகிவிடும். நகைகளின் பழைய பற்றுச்சீட்டுகளும், அவற்றை நீங்கள் அணிந்திருக்கும் பழைய குடும்பப் படங்களும் உடன் இருக்கட்டும். உங்கள் திருமணப் படத்திலேயே அந்தக் கொடி தெரிகிறது என்றால் அதைவிடப் பெரிய சான்று வேறு இல்லை.

மணப்பெண்ணுக்கான புதுச் சங்கிலியை இங்கே வாங்க வேண்டாம். அது நீங்கள் அணிந்து பழகிய நகையும் இல்லை, உங்களோடு திரும்பி வரப்போவதும் இல்லை. அதை உங்கள் 40 கிராமில் சேர்த்தால் தாலிக்கு இடமிருக்காது. மருமகளின் கணக்கில் எழுதினால் அவர் தம் நகையைக் கழற்ற வேண்டும். அங்கே தங்கம் விலை அதிகம், இங்கிருந்து கொண்டுபோவதே லாபம் என்ற பேச்சு நம்மிடையே பழையது. இந்திய அரசு தங்கத்தின் இறக்குமதித் தீர்வையை 2024 ஜூலையில் 15 விழுக்காட்டிலிருந்து 6 விழுக்காடாகக் குறைத்தபோதே அந்தப் பேச்சின் அடித்தளம் ஆடிவிட்டது. பணத்தோடு போய், திருச்சியிலோ நாமக்கல்லிலோ மணப்பெண்ணையே கூட்டிக்கொண்டுபோய், அவருக்குப் பிடித்ததைப் பற்றுச்சீட்டோடு வாங்கிக் கொடுங்கள்.

கோயிலுக்குச் சேர்த்த 30,000 வெள்ளி

மலேசியாவைவிட்டுப் புறப்படும்போது, 10,000 அமெரிக்க டாலருக்கு மேற்பட்ட ரொக்கத்தை அறிவிக்க வேண்டும். 30,000 வெள்ளி அந்த அளவை எட்டாது என்பதால் இங்கே உங்களுக்குக் கடமை எழவில்லை. இந்தியாவிலோ வேறு கணக்கு: வெளிநாட்டு நோட்டுகள் மட்டும் 5,000 டாலர் மதிப்பைத் தாண்டினாலே நாணய அறிவிப்புப் படிவம் நிரப்ப வேண்டும், உங்கள் பணம் அதைத் தாண்டுகிறது. படிவம் நிரப்புவதற்குக் கட்டணமும் இல்லை, வரியும் இல்லை. மூன்று பேர் பைகளில் பிரித்து வைத்துவிடலாமே என்று உங்கள் மகன் கேட்டிருக்கிறார். ஒரே பணத்தை வரம்புக்குக் கீழே காட்டுவதற்காகப் பிரிப்பது, கேள்வி எழும்போது மறைத்ததாகவே படும், பிரிக்காதீர்கள்.

அதைவிட முக்கியமான ஒன்றை உங்களிடம் இதுவரை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. நீங்களும் பணம் கொடுத்த குடும்பங்களும் மலேசியக் குடிமக்கள். தமிழ்நாட்டுக் கோயில் குழு ஒன்றுக்கு நீங்கள் தரும் திருப்பணி நன்கொடை, ரத்தத்தால் எவ்வளவு சொந்தமானாலும், இந்தியச் சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டு நன்கொடை. 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி, அதைப் பெறும் அமைப்பு இந்திய உள்துறை அமைச்சகத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும், அல்லது முன்னனுமதி பெற்றிருக்க வேண்டும். 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் புதுடெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளையில் உள்ள கணக்கு வழியாகவே வர முடியும். கிராமத்துக் குழுத் தலைவரின் கையில் உறையைக் கொடுத்தால் சிக்கலில் மாட்டுவது அவர்தான். உங்களை வரவேற்று மாலை போடப்போகும் மனிதரை அந்த நிலைக்கு ஆளாக்க நீங்கள் விரும்பமாட்டீர்கள். இன்றைக்கே அவர்களை அழைத்து, கோயில் அறநிலையத் துறையின் கீழ் இருக்கிறதா, தனி அறக்கட்டளையா, பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால், பணம் கொடுத்த குடும்பங்களை ஒருநாள் மாலை கூட்டி, நிலைமையைச் சொல்லி, இங்கே நீங்கள் எழுப்ப நினைக்கும் சன்னிதிக்கே அதைத் திருப்பிக்கொள்ளச் சம்மதமா என்று கேட்பது நேர்மையான வழியாக எனக்குப் படுகிறது.

பக்கத்துத் தெருக்காரரின் பொட்டலம்

வேண்டாம். அவர் நல்லவராக இருக்கலாம், உள்ளே மைலோவும் தைலமுமே இருக்கலாம். ஆனால் மலேசியாவின் 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தில், பொருள் யார் வசத்தில் இருக்கிறதோ அவருக்கு அது தெரிந்தே இருந்தது என்று முதலில் அனுமானித்துக்கொள்ளும் பிரிவு உண்டு. தெரியாது என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும். கடத்தலுக்குக் கட்டாய மரண தண்டனை 2023இல் நீக்கப்பட்டுவிட்டது என்று கேட்டு யாரும் ஆறுதல் கொள்ள வேண்டாம். மரண தண்டனை விதிக்கும் அதிகாரம் நீதிபதியிடம் இன்னும் இருக்கிறது, இல்லையென்றால் நெடுஞ்சிறை. இந்தியாவின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டமும் அறிந்தே வைத்திருந்ததாக அனுமானித்துக்கொண்டு மறுப்பை உங்களிடமே கேட்கிறது. ஏமாற்றப்பட்ட பயணிகளின் கதைகள் எல்லாம், “தெரிந்தவர்தான் கொடுத்தார்” என்றே தொடங்குகின்றன. மறுப்பது உங்களுக்குச் சங்கடமாக இருந்தால், வழக்கறிஞர் தடுத்துவிட்டார் என்று என்மேல் பழியைப் போட்டுவிடுங்கள்.

நிறுத்திக் கேட்டால்

“கையில் ஏதாவது கொடுங்கள்” என்ற யோசனையை முழுவதுமாக மறந்துவிடுங்கள். வாங்குபவரைப் போலவே கொடுப்பவரும் குற்றவாளி என்பது இரு நாட்டுச் சட்டங்களுக்கும் பொது. அதற்குப் பதிலாக உங்கள் உரிமைகளைத் தெரிந்துகொள்ளுங்கள். உடல் சோதனை தேவைப்பட்டால், இந்தியச் சுங்கச் சட்டத்தின் 102ஆம் பிரிவுப்படி, அருகிலுள்ள உயர் சுங்க அதிகாரி அல்லது நீதித்துறை நடுவர் முன்னிலைக்கு அழைத்துச் செல்லும்படி நீங்கள் கேட்கலாம். பெண்ணைப் பெண் மட்டுமே சோதிக்கலாம். பொருளை எடுத்துக்கொண்டால் அதன் எடையும் விவரமும் எழுதிய ரசீது உங்கள் கைக்கு வர வேண்டும்.

அச்சிட்ட தாளில் கையெழுத்துக் கேட்டால், படித்துக் காட்டச் சொல்லுங்கள், தமிழில் விளக்கச் சொல்லுங்கள். 124ஆம் பிரிவின்கீழ், ஏன் பறிமுதல் செய்யக் கூடாது என்று காரணம் கேட்கும் அறிவிப்பைப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு. அவசரத்தில் இருக்கும் பயணிகள் பலர், அந்த உரிமை எனக்கு வேண்டாம் என்ற வாசகத்தின் கீழேயே அறியாமல் கையெழுத்திட்டுவிடுகிறார்கள். பறிமுதல் உத்தரவு வந்தாலும் அதோடு முடிந்துவிடாது: 125ஆம் பிரிவின்படி தண்டத்தொகை கட்டி மீட்கும் வாய்ப்பும், 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யும் வாய்ப்பும் இருக்கின்றன. சென்னையில் மலேசியத் துணைத் தூதரகம் இருக்கிறது. அதன் எண்ணை உங்கள் மருமகளின் திறன்பேசியில் இப்போதே பதிந்து வையுங்கள்.

திரும்பி வரும்போது

நம் நாட்டுப் பயணிகளுக்கான சலுகை, குறைந்தது 72 மணி நேரம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வருபவருக்கே உரியது. மூன்று வாரம் போகிற உங்களுக்கு இதில் தடையில்லை. வெள்ளிக்கிழமை இரவு பேருந்தேறி தாய்லாந்தின் ஹாட்யாய் போய் ஞாயிறு திரும்பும் நம் ஊர்க்காரர்களுக்காகவே இதை எழுதுகிறேன். உங்கள் நாற்பது சேலைகளோ எந்தச் சலுகையிலும் அடங்கா. பயணிக்கான விலக்கு அவர் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும். விற்பதற்கென்று வாங்கியது வணிகச் சரக்கு. அக்கம்பக்கத்தாருக்குத் தவணையில் கொடுத்துச் சில நூறு வெள்ளி சம்பாதிப்பதை வணிகம் என்றே நீங்கள் நினைத்திருக்கமாட்டீர்கள், ஆனால் ஒரே மாதிரி மடித்த நாற்பது சேலைகளைப் பார்க்கும் அதிகாரி வேறு விதமாக நினைக்க முடியாது. பற்றுச்சீட்டுகளோடு சுங்க முகப்பில் அறிவித்து உரிய வரியைக் கட்டிவிட்டு, அந்தச் செலவையும் சேர்த்து விலை வையுங்கள். கட்டுப்படியாகாது என்று தோன்றினால் குடும்பத்துக்கு மட்டும் வாங்குங்கள். பொய்யாக அறிவிப்பது மலேசியச் சுங்கச் சட்டம் 1967இன் 133ஆம் பிரிவில் தனிக் குற்றம் என்பதால், “எல்லாம் சொந்தக்காரர்கள் கொடுத்தது” என்று சொல்லிவிடலாம் என்ற எண்ணம் வேண்டாம். லேகியம் உங்கள் சொந்தத் தேவைக்கு ஒரு மாத அளவோடு நிற்கட்டும்.

கடைசியாகப் பிடிமண். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். ஒரு கைப்பிடி மண்ணைச் சுங்கம் எதற்காகப் பார்க்கப்போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். சுங்கத்தின் வரிக் கணக்கில் அதற்கு மதிப்பில்லைதான். ஆனால் 1976ஆம் ஆண்டுத் தாவரத் தனிமைப்படுத்தல் சட்டமும், 2011ஆம் ஆண்டுத் தனிமைப்படுத்தல், ஆய்வுச் சேவைகள் சட்டமும் மண்ணை அனுமதிச் சீட்டு இல்லாமல் உள்ளே விடுவதில்லை. நாற்றும் விதையும் அப்படியே. காரணம், பால் வெட்டிய கைகளுக்கு எளிதில் புரியக்கூடியது. 1877இல் பக்கத்து ஊரான கோலகங்சாரில் நட்ட முதல் பால்மரக் கன்றுகளின் பூர்வீகம் பிரேசில். அந்த மரத்தின் தாய்நாட்டிலேயே இலைக்கருகல் நோய் பெருந்தோட்டங்களை வாழவிடவில்லை. அந்த நோய் கடல் தாண்டி இங்கே வராததால்தான் நம் தோட்டங்கள் பிழைத்தன, நம் மூன்று தலைமுறை அதில் சோறு உண்டது. அத்தகைய நோயின் வித்துகளும் புழுக்களின் முட்டைகளும் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிவர, ஒரு பிடி மண்ணே போதும்.

எனவே துணியில் முடிந்து பெட்டிக்குள் மறைத்துக் கொண்டுவராதீர்கள். புறப்படும் முன் ஈப்போவிலுள்ள விவசாயத் துறை அலுவலகத்தில், சன்னிதிக்காக இவ்வளவு மண் என்று எடையைக் குறிப்பிட்டு, அனுமதிக்கு என்ன செய்ய வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். அனுமதி கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பதை அந்த ஊர்ப் பூசாரியிடம்தான் கேட்க வேண்டும். கும்பாபிஷேகத்தன்று சாமியின் பாதத்தில் வைத்து எடுத்த திருநீறும், குங்குமமும், சாத்திய பட்டும் போதுமா என்று அவரிடம் நீங்களே கேளுங்கள். அவற்றைக் கொண்டுவர உங்களுக்கு எந்த அனுமதிச் சீட்டும் தேவையில்லை.